ஒரு மீன்கூடை எத்தனை கார்?

முதலில் ஒரு அட்டவணையைப் பார்த்துவிடுவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990ல் வெளியிட்ட ஐஆர்சி 64 என்ற கையேட்டில் இருப்பது. நகரத்துக்கு வெளியே இருக்கிற சாலைகள் எவ்வளவு வண்டி தாங்கும் என்று கணக்குப் போட உதவுவது. ரோட்டில் ஓடுகிற ஒவ்வொன்றும் எத்தனை காருக்குச் சமம் என்று அதில் எழுதியிருக்கும். கார் 1, ஆட்டோ 1. மோட்டார் சைக்கிள் அரை, சைக்கிளும் அரை. பஸ் 3, லாரி 3. டிரெய்லர் மாட்டிய லாரி நாலரை. கைவண்டி 3. மாட்டுவண்டி 8.

அறுபது பேரை அடைத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போகிற பஸ்ஸும், ஒற்றை ஆள் தள்ளிக்கொண்டு போகிற கைவண்டியும் இதன்படி சமம். டிரைவர், கிளீனர் என்று இரண்டே பேர் உட்கார்ந்திருக்கிற டிரெய்லர் அந்தப் பஸ்ஸைவிட ஒன்றரை மடங்கு. தலையில் மீன்கூடையோடு ரோட்டோரமாக நடந்து போகிற அக்கா? அவருக்கு அட்டவணையில் வரியே இல்லை.

இதைக் காட்டி, "பாத்தீங்களா, இன்ஜினியருங்களுக்கு மனுஷன்னா யாருன்னே தெரியாது" என்று கண்ணைக் கசக்க நான் வரவில்லை. அது மலிவான வாதம். ஒரு வண்டி ரோட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, பின்னால் வருகிறவரை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதை அளக்கத்தான் அந்த எண்கள். அந்த வேலைக்கு அவை பொருத்தமானவை. மாட்டுவண்டிக்கு 8 என்பது மாட்டுக்குக் கொடுத்த மரியாதை இல்லை. அது மெதுவாகப் போகும், அவ்வளவுதான். என் சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. இடத்தை அளக்கச் செய்த அதே தராசில் இழப்பையும் நிறுக்கிறோம். ரோடு அடைபட்டால் யாருக்கு எவ்வளவு நேரம் வீணாயிற்று என்ற கேள்விக்கும் கார்க் கணக்கிலேயே பதில் எழுதுகிறோம். பிறகு அந்தப் பதிலைக் கலர் கலராகப் புள்ளிகள் ஓடுகிற சிமுலேஷன் வீடியோவாக்கி, "அறிவியல்பூர்வமாகப் பார்த்தாயிற்று" என்று திரையில் ஓட்டிக் காட்டுகிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயடைத்துப் போகிறார். வீடியோவோடு எப்படிச் சண்டை போடுவது?

போட முடியும். போட வேண்டும். பழவேற்காட்டுக்காரர்கள் போட்டே ஆக வேண்டும்.

*

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம் என்று ஏரியையும் கடலையும் ஒட்டிக் குப்பங்கள். இங்கிருந்து வெளியே போக நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று மேற்கே, திருப்பாலைவனம், மெதூர் வழியாகப் பொன்னேரிக்கு. சுமார் 20 கி.மீ. இன்னொன்று தெற்கே, கடலை ஒட்டியே காட்டுப்பள்ளிக்கு. கடல் சீறுகிற நாட்களில் மணல் ஏறி மூடிக்கொள்கிற ரோடு. முதல் வழியில் சென்னைக்குப் போனாலும் மீஞ்சூர் தாண்டி மணலி நெருங்கும்போது துறைமுக டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்துதான் போயாக வேண்டும். இரண்டாவது வழி துறைமுக வாசலுக்கே கொண்டுபோய் விடுகிறது.

இந்த இரண்டு வழியில்தான் இறாலும் நண்டும் மடவையும் ஐஸ் பெட்டிக்குள் போகின்றன. பெண்கள் ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் கூடையோடு போகிறார்கள். 108 ஆம்புலன்ஸ் இந்த வழியில்தான் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போகிறது. அங்கே முடியாது என்றால் ஸ்டான்லிக்கு.

இனி வரப்போவதைப் பாருங்கள். எல் அண்ட் டி கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018ல் அதானி கைக்குப் போனது. 330 ஏக்கரில் இருக்கிற துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிக்க வேண்டும், ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாக்க வேண்டும் என்பது திட்டம். அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்து தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி தேதி வைத்து மறுபடியும் தள்ளிவைத்தார்கள். கடலரிப்பைப் பற்றி, ஏரியின் முகத்துவாரத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று, எழுத வேண்டியதும்தான். ரோட்டைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மில்லியன் டன் சரக்கை, லாரிக்கு 20 டன் என்று ஏற்றினால் 50,000 நடை. 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 137. காலியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 274. இது ஒரே ஒரு மில்லியன் டன்னுக்கு. சரக்கில் ஒரு பங்கு ரயிலில் போகும், ஒரு பங்கு குழாயில் போகும், சரி. மீதி எத்தனை மில்லியன் ரோட்டில் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 2010களில் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் கன்டெய்னர் வரிசை நின்றதை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

*

இப்போது சிமுலேஷன் விஷயத்துக்கு வருவோம். ரோட்டில் ஒரு டிரெய்லர் அச்சு முறிந்து படுத்துவிடுகிறது என்று வையுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம் உள்ள ரோடு. ஒரு தடம் அடைபட்டது. பாதி ரோடு மிச்சம்தானே என்று தோன்றும். அமெரிக்கர்களின் நெடுஞ்சாலைத் திறன் கையேடு அப்படிச் சொல்லவில்லை: இரண்டில் ஒரு தடம் அடைபட்டால் மிஞ்சுவது சுமார் 35 சதவீதம். எல்லோரும் மெதுவாக்கி எட்டிப் பார்க்கிறார்கள், ஒதுங்கி நுழைகிறார்கள். அதில் போய்விடுகிறது மீதி.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 60 வண்டி போகக்கூடிய ரோடு. 40 வண்டி வந்துகொண்டிருக்கிறது. டிரெய்லர் படுத்ததும் 20 வண்டிதான் போக முடிகிறது. நிமிஷத்துக்கு 20 வண்டி வரிசையில் சேர்கிறது. அரை மணியில் கிரேன் வந்து இழுத்துவிட்டால் வரிசையில் நிற்பது 600 வண்டி. அது கரைய இன்னொரு அரை மணி. மொத்தமாக வீணானது 300 வண்டி-மணி நேரம். கிரேன் அரை மணிக்குப் பதில் ஒரு மணி எடுத்துக்கொண்டால்? இரண்டு மடங்காகி 600 என்பீர்கள். கிடையாது, 1,200. வரிசை இரண்டு மடங்கு நீளம், இரண்டு மடங்கு நேரம், பெருக்கினால் நான்கு.

சாலைத் தடங்கல் மேலாண்மை என்று சொல்கிறார்களே, அதன் உயிர்நாடி இந்த நான்கு மடங்குதான். கிரேனை மீஞ்சூரில் நிறுத்துவதா, காட்டுப்பள்ளியிலா? பழுதான வண்டி ஒதுங்க ரோட்டோரத்தில் எங்கே இடம் விடுவது? டிரெய்லர்களை எந்த நேரத்தில் துறைமுகத்துக்குள்ளேயே தடுத்து வைப்பது? எதிர்த் தடத்தில் ஆம்புலன்ஸை விட யாருக்கு அதிகாரம்? இதையெல்லாம் உண்மையான ரோட்டில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. கற்றுக்கொள்வதற்குள் ஆள் செத்துவிடும். கணினிக்குள் ரோட்டை வைத்து, டிரெய்லரைப் படுக்கவைத்து, ஒவ்வொரு உத்தியையும் நூறு தடவை ஓட்டிப் பார்க்கலாம். இதற்காக சிமுலேஷனைக் கண்டுபிடித்தவர்களை நான் கும்பிடுவேன்.

அதனால்தான் நம் பக்கத்து ஆட்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. "சிமுலேஷன்லாம் கார்ப்பரேட் பொம்மை விளையாட்டு, மக்களோட அனுபவ அறிவுதான் உண்மை" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிற அந்த அலட்சியத்தைச் சொல்கிறேன். தோழர், எதிராளி கையில் ஆயுதம் இருக்கிறது என்றால், ஆயுதமே பொய் என்று கண்ணை மூடிக்கொள்வதில் யாருக்கு லாபம்? மேலே போட்ட பெருக்கல் கணக்கு துறைமுகத்துக்கும் ஒன்றுதான், கூனங்குப்பத்துக்கும் ஒன்றுதான்.

*

நடப்பது என்ன? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் போக்குவரத்துக்கென்று ஒரு பகுதி இருக்கும். வழக்கம் இதுதான்: சில நாள் ரோட்டில் ஆள் நிறுத்தி வண்டிகளை எண்ணுவது, கார்க் கணக்குக்கு மாற்றுவது, திட்டத்தால் கூடப்போகிற வண்டிகளைச் சேர்ப்பது, ரோட்டின் திறனால் வகுப்பது. வருகிற விகிதத்துக்கு ஏற்ப ரோட்டுக்கு ஒரு கிரேடு. ஏறத்தாழ பள்ளிக்கூட ரேங்க் கார்டு.

இந்த வகுத்தலுக்குள் ஒரு கற்பனை ஒளிந்திருக்கிறது: ஒன்றுமே நடக்காத நாள். டயர் வெடிக்காது, ஆக்சில் முறியாது, மழை பெய்யாது, லெவல் கிராஸிங் மூடாது. அப்படி ஒரு நாள் இந்த ரோட்டில் எப்போது வரும் என்று ஆட்டோ ஓட்டுகிற யாரையாவது கேளுங்கள்.

நம்மிடம் விபத்துப் பதிவு இருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தை 2021ல் முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நல்ல வேலை. 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர், தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் எனும்போது அது அவசியமும்கூட. ஆனால் அது விபத்துக்கான பதிவேடு. டிரெய்லர் நடுரோட்டில் மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்தது, யாருக்கும் அடி இல்லை என்றால் அது விபத்தாகாது; பதிவேட்டில் ஏறாது. பின்னால் நின்ற டெம்போவில் ஐஸ் உருகி ஓடியதும், நண்டு செத்து விலை பாதியானதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பதிவேட்டில் இல்லாதது சிமுலேஷனுக்குள் எப்படி வரும்?

டிசம்பர் 2021ல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அந்த 48ல் முதல் ஒரு மணி நேரம் மீஞ்சூரில் டிரெய்லர் வாலைப் பார்த்துக்கொண்டே போனால்? சிமுலேஷனின் மொத்தக் கணக்கில் அந்த ஆம்புலன்ஸ் ஒரு வேன். ஒரு மணி நேரம் நின்றால் ஒரு வண்டி-மணி நேர இழப்பு. காலி டிரெய்லர் நின்றாலும் அதே ஒன்று. கார்க் கணக்குக்கு மாற்றினால் காலி டிரெய்லருக்கே இழப்பு அதிகம். சராசரித் தாமதத்தைக் குறைப்பதே குறி என்று கணினியிடம் சொல்லுங்கள். டிரெய்லர்களுக்கு முதலில் வழிவிடு என்று அது சொல்லும். கணினி பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது அதைத்தான்.

இத்தனைக்கும் மென்பொருளில் வசதி இல்லாமலில்லை. வண்டிக்கு எத்தனை பேர் என்று உள்ளே கொடுத்தால் ஆள் கணக்கில் தாமதம் சொல்லும். ஆம்புலன்ஸை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டு என்றால் காட்டும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

*

மாதிரி இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு சாட்சி கிடக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு எண்ணெய் கரை ஒதுங்கியது. கடலில் கொட்டிய எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணிக்கிற சிமுலேஷன் ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனத்திடம் அப்போதே இருந்தது. எண்ணூர்க் கரையில் என்ன இருந்தது? வாளி. மாணவர்களும் மீனவர்களும் தொழிலாளர்களும் வாளி வாளியாக அள்ளியதை நாடே டிவியில் பார்த்தது.

திரையில் எண்ணெய் நகர்வதைப் பார்க்க முடிந்த தேசத்துக்கு, அது ஒதுங்கப்போகிற கரையில் யார், எந்தக் கருவியோடு, எத்தனை மணிக்கு நிற்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியவில்லை. ரோட்டுக்கும் இதேதான் நடக்கும். கட்டுப்பாட்டு அறையில் அழகான திரை, மீஞ்சூரில் கிரேன் இல்லை.

*

சரி, பழவேற்காட்டுக்கு ஒரு நேர்மையான சிமுலேஷன் செய்தால் அதில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

ரோட்டின் குணம். வெளிநாட்டு மென்பொருள்கள் பலவும் தடம் பிடித்து ஓடுகிற கார்களை மனதில் வைத்துச் செய்தவை. நம் ரோட்டில் தடமாவது மண்ணாவது. பைக் சந்தில் நுழையும், ஷேர் ஆட்டோ கைகாட்டினால் நிற்கும். இந்தக் கலவைப் போக்குவரத்துக்கென்றே சென்னை ஐஐடியில் பேராசிரியர் தமிழ் அரசனும் உடன் ஆய்வாளர்களும் 'ஹெட்டரோசிம்' என்ற மாதிரியை உருவாக்கினார்கள். 2005 வாக்கில் ஆய்விதழ்களிலும் வந்தது. ஆக, நம்மூர் ரோட்டைக் கணினிக்குப் புரியவைக்க முடியாது என்ற சாக்கு செல்லாது.

நேரம். மீன் விடிவதற்கு முன் நகர்கிறது. பகல் 12 மணி நேரம் மட்டும் எண்ணினால் பழவேற்காட்டின் பிழைப்பே கணக்கில் வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. காசிமேட்டுக்கு வரத்து குறைகிற அந்த நாட்களில் ஏரி மீனுக்கும் நாட்டுப்படகு மீனுக்கும் கிராக்கி. பூநாரை வருகிற பருவத்து ஞாயிற்றுக்கிழமையில் ரோட்டில் ஓடுவது சென்னைக்காரர்களின் கார். எந்த நாளில் எண்ணினீர்கள் என்பதே பாதி விடை.

சேர்ந்து வரும் கஷ்டம். சிமுலேஷனில் தடங்கல்களைப் பகடை உருட்டுவதுபோல ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போடுவது வழக்கம். இங்கே அவை கைகோத்துக்கொண்டு வரும். 2023 டிசம்பரின் மிக்ஜாம் மாதிரி ஒரு புயலில் கடலோர ரோட்டில் மணல், பொன்னேரி ரோட்டில் தண்ணீர், சாய்ந்த மரம், போன மின்சாரம் எல்லாம் ஒரே ராத்திரியில். இரண்டு வழியில் ஒன்று அடைபடுகிற அதே நேரத்தில்தான் மற்றொன்றும் திணறும். ஆம்புலன்ஸ் அதிகம் தேவைப்படுவதும் அன்றைக்குத்தான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ரோடும் பாஸ். சேர்த்துப் பார்த்தால் ஊரே தீவு.

தண்ணீரில் நடப்பது ரோட்டில் இறங்கும் என்பதும். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை ஓர் உத்தி, சரி. அடுத்த முறை ஏரியிலோ முகத்துவாரத்திலோ படகு கவிழ்ந்து, ஒரே நேரத்தில் பத்து ஆம்புலன்ஸ் அந்த 20 கி.மீ. ரோட்டில் ஓட வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்ப்பதும் ஓர் உத்திதான். அதை யாராவது செய்தால் சந்தோஷம்.

*

நெரிசலான ஒரு பொது இடத்தை எப்படிப் பங்கிடுவது என்பது பழவேற்காட்டுக்குப் புதிய கேள்வி இல்லை. 'பாடு' என்று ஒரு முறை அங்கே தலைமுறைகளாக உண்டு. ஏரியில் மீன் அதிகம் கிடைக்கிற இடங்களை, எந்த நாளில் எந்த ஊரின் எந்தத் தலைக்கட்டு வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. யார் முறை, எவ்வளவு நேரம், மீறினால் என்ன என்பதெல்லாம் பேசி வைத்த விதி. போக்குவரத்துப் பொறியாளர் பார்த்தால் சொக்கிப்போவார்.

ஆனால் பாட்டை வெறும் பெருமையாகப் பேசி நகர்ந்துவிட முடியாது. பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டுக் கணக்கில் பெயர் இருப்பவருக்குத்தான் பாடு. கையால் தடவி இறால் பிடிக்கிற இருளருக்கு அதில் பங்கு கிடையாது. பெண்களுக்குத் தனிப் பெயரே கிடையாது. ஏரியில் உரிமைச் சண்டைகள் வந்ததெல்லாம் இந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் கேள்வி கேட்டபோதுதான். ஊர்க்கூட்டம் போட்டாலும் சரி, கணினி போட்டாலும் சரி, பட்டியலில் பெயர் இல்லாதவரின் நஷ்டம் நஷ்டமாகவே தெரியாது. ஐஆர்சி அட்டவணையின் பக்கத்தில் இதையும் வைத்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

*

ஆகவே என் கேட்பு நாலே நாலு. ஒன்று, தாமதத்தை ஆள் கணக்கில் சொல். ஆம்புலன்ஸுக்கும் மீன் வண்டிக்கும் தனி வரி போடு. நடந்து போகிறவர் ரோட்டைக் கடக்க எவ்வளவு நேரம் நிற்கிறார் என்றும் சொல். இரண்டு, சராசரியைக் காட்டி ஏமாற்றாதே. நூறு தடவை ஓட்டியதில் மிக மோசமான ஐந்தைக் காட்டு, புயல் நாளையும் சேர்த்து. மூன்று, எந்த உத்திக்கு எந்தக் கருவி, எங்கே நிற்கும், யார் காசு என்று எழுது. டிரெய்லரால் சம்பாதிக்கிறவர்தான் கிரேனுக்கும் கொடுக்க வேண்டும். நான்கு, உள்ளே போட்ட எண்களை எல்லோரும் பார்க்க வெளியே வை.

நான்காவது வெறும் கோஷம் இல்லை. 'சுமோ' என்ற போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருளை ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2001லிருந்து இலவசமாகவே தருகிறது. சாதாரண லேப்டாப்பில் ஓடும். இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் பகலில் கோடு எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். ராத்திரியில் நாவல் வாசிக்கிறீர்கள், கடலோர வாழ்க்கையைப் பற்றிய கதைகளுக்கு உருகுகிறீர்கள். நல்லது. ரெண்டு சனிக்கிழமை அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போங்கள். ஐஸ் பெட்டி ஏற்றுகிற டெம்போ அண்ணன்களிடமும், கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற அக்காக்களிடமும், டிரெய்லர் எங்கே படுக்கும், எந்த மாசத்தில் படுக்கும், எவ்வளவு நேரம் படுக்கும் என்று கேட்டு எழுதுங்கள். எந்தக் கன்சல்டன்டிடமும் இல்லாத தரவு அது.

தள்ளிவைத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு என்றைக்காவது மறுபடி தேதி குறிப்பார்கள். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும் என்று 2006ம் வருஷத்து அறிவிக்கையே சொல்கிறது. மைக் கைக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, மீஞ்சூர்ல ஒரு டிரெய்லர் படுத்துட்டா, கூனங்குப்பத்துலேருந்து கிளம்புன ஆம்புலன்ஸ் ஸ்டான்லிக்கு எத்தனை நிமிஷத்துல போவும்? எந்தப் பக்கத்துல போட்டிருக்கீங்க?"

பக்க எண்ணைச் சொல்லும்வரை மைக்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.